உடைந்த பிறகும் உறவு தெரியுமா? சிறுகோள் குடும்பங்கள் பற்றி ஒரு மாணவியின் கேள்வி

குடியாத்தம் கணக்கு டீச்சர்
ஞாயிறு, காலை 7.20

அனைவருக்கும் வணக்கம். நேற்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய் வந்தோம். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கீழே நின்றபோது, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மறுபடியும் அழைத்துப்போகலாம்.

அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்ததையும், அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கணக்கு ஆசிரியைக்கு அதைவிடப் பெருமை என்ன வேண்டும்? சிறுகோள்களுக்குள் குடும்பங்கள் உண்டு, பெரிய சிறுகோள் ஒன்று மோதலில் உடையும்போது அவை பிறக்கின்றன என்றும் எனக்குத் தெரிந்தவரை சொல்லிவைத்தேன்.

இறங்கும் வழியில் ஆலங்காயத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். ஒரு மாணவி என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: “டீச்சர், உடைந்து மூலைக்கு ஒன்றாகப் போன பிறகு எது எதோடு பிறந்தது என்று யாருக்குத் தெரியும்? கல்லில் பெயரா எழுதியிருக்கிறது?”

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாளைதான் திங்கட்கிழமை. தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.


ஜவ்வாது இரவுகள்
ஞாயிறு, காலை 9.05

டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டது 1918 வரை உலகில் எவரும் விடை சொல்லாத கேள்வி. அவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பலரும் நினைப்பதுபோல ஒரு குடும்பத்துச் சிறுகோள்கள் ஆட்டு மந்தைபோலக் கூட்டமாகப் பறப்பதில்லை. உடைந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே துண்டுகள் சூரியனைச் சுற்றியுள்ள பாதை முழுவதும் பரவிவிடும். இன்று இரவு ஒன்று கிழக்கே உதிக்கும்போது அதன் உடன்பிறப்பு சூரியனுக்கு அந்தப்புறம் இருக்கலாம். ஆகவே இருக்கும் இடத்தைப் பார்த்து உறவு சொல்ல முடியாது. ஓடும் விதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காரணம் எளிது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் ஒரு கல் சூரியனை நொடிக்கு ஏறத்தாழ 18 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. 100 கி.மீ. அகலமுள்ள ஒரு சிறுகோள் உடைந்தால், அதன் ஈர்ப்பை மீறி வெளியேற ஒரு துண்டுக்கு நொடிக்கு 60 மீட்டர் வேகம் போதும். பெரும்பாலான பெரிய துண்டுகள் அதைவிட அதிகம் கூடுதலான வேகத்தோடு கிளம்புவதில்லை. 18,000 மீட்டரோடு 60 மீட்டரை ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு அது பேரழிவு. பாதைக்கோ அது ஒரு சின்ன உரசல். தாய்க்கோள் எந்தப் பாதையில் ஓடிற்றோ, ஏறத்தாழ அதே பாதையில்தான் பிள்ளைகளும் ஓடும்.

டோக்கியோவின் வானியலாளர் கியோட்சுகு ஹிரயாமா அன்று தெரிந்திருந்த சிறுகோள்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களைப் பார்த்தார். சூரியனிலிருந்து சராசரித் தொலைவு, பாதை எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்வு. சில இடங்களில் புள்ளிகள் எறும்புப் புற்றுபோல மொய்த்துக் கிடந்தன. 1918இல் அவர் மூன்று கூட்டங்களுக்குக் குடும்பம் என்று பெயரிட்டார்: கொரோனிஸ், இயோஸ், தெமிஸ். அந்தச் சொல்லே அவர் தந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் இன்று அளக்கும் சாய்வும் நீள்வட்டமும் நிலையானவை அல்ல. வியாழனும் சனியும் இழுத்துக்கொண்டே இருப்பதால் பல்லாயிரம் ஆண்டுகளில் அவை ஏறியிறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டால் அடியில் ஓர் எண் மிஞ்சுகிறது. அது பல லட்சம் ஆண்டுகள் ஆனாலும் அசையாது. கல்லில் எழுதிய பெயர் எங்கே என்றுதானே அவள் கேட்டாள்? அந்த எண்தான் அது.


ஆரணி வாசகன்
ஞாயிறு, காலை 11.30

ஜவ்வாது இரவுகள் ஐயா, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. எங்கள் ஆரணியில் பத்துத் தறிகளில் ஒரே கரை போட்டுப் பட்டுச்சேலை நெய்வார்கள். கரை ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே தறியில் பிறந்தவை என்று சொல்லிவிட முடியுமா? லட்சக்கணக்கான கற்கள் சுற்றுகிற இடத்தில் தற்செயலாகப் பத்துப் பதினைந்துக்கு ஒரே மாதிரி எண் வரத்தானே செய்யும்? புள்ளிகள் மொய்த்திருக்கின்றன என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத ஒரு மோதலை நடந்ததாகச் சொல்வது சரியா?

நான் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. டீச்சர் நாளை வகுப்பில் சொல்லப்போகிறார். அங்கே ஒரு பிள்ளை இதைக் கேட்டால் பதில் வேண்டும்.


ஜவ்வாது இரவுகள்
ஞாயிறு, பகல் 12.40

நல்ல கேள்வி, ஐயா. தறி உவமையையே எடுத்துக்கொள்கிறேன். கரை மட்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. நூலின் சாயமும் ஒன்றாக இருந்தால்? அப்போது சந்தேகம் பாதி குறையும். சிறுகோள் பிரதிபலிக்கும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பில் என்ன கனிமம் இருக்கிறது என்று ஓரளவு தெரியும். கொரோனிஸ் கூட்டத்துக் கற்கள் சிலிக்கேட் வகை, ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புபவை. தெமிஸ் கூட்டம் கரிபோல இருண்டது. இயோஸ் கூட்டத்துக்கு இரண்டிலும் சேராத தனி நிறமாலை உண்டு. பாதையை மட்டும் பார்த்துப் பிரித்த கூட்டங்கள் நிறத்திலும் தனித்தனியாக நிற்கின்றன. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

ஆனாலும் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது கரின் கூட்டத்தை. கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய, இளைய கூட்டம் அது. டேவிட் நெஸ்வோர்னியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2002இல் ஒரு காரியம் செய்தார்கள். அந்தக் கற்களின் இன்றைய பாதைகளைக் கணினியில் வைத்துக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள். இன்று அந்தப் பாதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பின்னோக்கிப் போகப் போக அவை மெல்ல மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புள்ளியில் எல்லாம் ஒரே திசையில் வந்து படிந்துவிட்டன. அதற்கு முன்னும் அப்படிப் படியவில்லை, பின்னும் இல்லை. பிறந்த நாளை இதைவிடத் துல்லியமாக யார் குறித்துத் தர முடியும்?

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடியில் போய் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இளைய கூட்டமும் உண்டு. 1270 தத்தூரா என்ற சிறுகோளைச் சுற்றியுள்ள சின்னக் குடும்பம் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உடைந்தது. தத்தூரா என்பது நம் வயல் வரப்பில் வளரும் ஊமத்தைதான். ஊமத்தைக் குடும்பம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.


கருங்கல்
ஞாயிறு, மாலை 4.10

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். வேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளில் 26 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். சம்மட்டியில் தொடங்கி, பிறகு குழிபோட்டு வெடி வைப்பது, கடைசியில் கிரஷர்.

பாறை உடையும்போது ஒரு முறை உண்டு. பெரிய பாளம் ஒன்றிரண்டுதான் வரும். ஆள் தூக்குகிற கல் கொஞ்சம் கூடுதலாக வரும். அதற்குக் கீழே சக்கை. அதற்கும் கீழே ஜல்லி அளவு எண்ண முடியாது. தூள் காற்றிலேயே போய்விடும். எந்த மலையில் எந்த வெடி வைத்தாலும் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. உங்கள் சிறுகோள் குடும்பத்திலும் இப்படித்தான் இருக்குமா?

இன்னொன்று. அடி பலமாக இருந்தால் கல் உடையாது, மாவாகிவிடும். வெடிமருந்து அளவு மீறினால் எங்களுக்கு நல்ல கல்லே கிடைக்காது, எல்லாம் நொறுங்கிப்போகும். வானத்தில் மோதுகிற வேகம் எங்கள் வெடியைவிடப் பல மடங்கு இருக்கும் அல்லவா? அப்படியானால் எல்லாம் தூளாகியிருக்க வேண்டும். பெரிய துண்டு எப்படி மிஞ்சியது?


ஜவ்வாது இரவுகள்
ஞாயிறு, மாலை 5.50

கருங்கல் ஐயா, இந்த இழையில் இதுவரை வந்ததில் மிக ஆழமான கேள்வி உங்களுடையது. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் தடுமாறவைத்தது இதுவே.

முதல் கேள்விக்கு விடை, ஆம். நீங்கள் சொன்ன அதே வரிசைதான். பெரியவை சில, சிறியவை எண்ணற்றவை.

இரண்டாவதுக்கு வருகிறேன். பட்டையில் இரண்டு கற்கள் சராசரியாக நொடிக்கு 5 கி.மீ. வேகத்தில் மோதுகின்றன. அந்த வேகத்தில் மோதும் சிறிய கல் அடையாளமே இல்லாமல் அழிந்துபோகும். அடிபட்ட பெரிய கோளுக்கு என்ன ஆகும் என்பது அடியின் அளவைப் பொறுத்தது. இரண்டு விதம் உண்டு.

ஒன்று, பெரிய கோள் உடையாமல் தாங்கிக்கொள்ளும். பள்ளம் விழும், அதிலிருந்து தெறித்தவை குடும்பமாகும். வெஸ்டா என்ற பெரிய சிறுகோளுக்கு நடந்தது இது. வெஸ்டா ஏறத்தாழ 525 கி.மீ. அகலம். அதன் தென்முனையில் உள்ள ரியாசில்வியா என்ற பள்ளம் 500 கி.மீ. அகலம். கிட்டத்தட்ட கோளின் அகலமே பள்ளத்தின் அகலமும்! 2011இல் டான் விண்கலம் அருகே போய் அதைப் படம் பிடித்தது. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த அடி. அப்போது தெறித்த துண்டுகளின் நிறமாலையும் வெஸ்டாவின் நிறமாலையும் ஒன்று. அந்தத் துண்டுகளில் சில பூமிக்கே வந்திருக்கின்றன. 1996இல் ராஜஸ்தானின் பிப்லியா கலானில் விழுந்த விண்கல் அந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது விதத்தில் கோள் முழுதாகச் சிதறும். உங்கள் சந்தேகம் இங்கேதான். நீங்கள் சொன்னது சரி, ஐயா. அது நொறுங்கத்தான் செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்த மோதல் சோதனைகளும் அதையே காட்டின. ஆனால் குடும்பங்களில் பல கி.மீ. அகலமுள்ள உறுப்பினர்கள் நிறைய. கணக்கு இடித்தது. 2001இல் பாட்ரிக் மிஷேலும் உடன் ஆய்வாளர்களும் கணினியில் மோதலை நடத்திப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. நொறுங்கிய துண்டுகள் வெளியே பறக்கும்போதே பக்கத்தில் பறக்கும் துண்டுகளை ஈர்த்து மறுபடி சேர்ந்துகொள்கின்றன. குவாரியில் பறக்கும் சக்கைகளுக்கு இந்த வசதி இல்லை. பூமி எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொள்கிறது. அங்கே அவற்றை இழுப்பதற்கு அவற்றைத் தவிர வேறு எதுவும் அருகில் இல்லை.

ஆகவே குடும்பத்துப் பெரிய உறுப்பினர் பலர் முழுக் கல் அல்லர். ஜல்லிக் குவியல்கள். ஜப்பானின் ஹயபுசா கலம் 2005இல் இடோகாவா என்ற சிறுகோள் அருகே போய்ப் பார்த்தது இப்படி ஒரு குவியலை. பென்னு என்ற சிறுகோளும் அப்படியே. 2020இல் மாதிரி எடுக்கப்போன கலத்தின் கை, கெட்டித் தரையில் இடிக்காமல் உள்ளே அமிழ்ந்தது.

2022 செப்டம்பரில் டார்ட் கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் நிலா மீது வேண்டுமென்றே மோதவிட்டதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகம். அது தன் பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் நேரம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. கலம் தள்ளியதைவிட அதிகமாகத் தள்ளியது, அங்கிருந்து பின்னோக்கிப் பீறிட்ட கூளம். யாரும் பார்க்காத மோதல் என்று ஆரணி வாசகன் ஐயா சொன்னார். சிறிய அளவில் ஒன்றை நாமே நடத்திப் பார்த்துவிட்டோம்.


கருங்கல்
ஞாயிறு, மாலை 6.30

நொறுங்கி, பறக்கும்போதே சேர்ந்துகொள்ளும் என்பது என் மனதில் நிற்கிறது. இதை என் பேரனிடம் சொல்லப்போகிறேன். நன்றி.


வாணியம்பாடி பத்தாம் வகுப்பு
ஞாயிறு, இரவு 7.45

வணக்கம் ஐயா, வணக்கம் டீச்சர். டைனோசர்களை அழித்த கல் பாப்டிஸ்டினா என்ற சிறுகோள் குடும்பத்திலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? பட்டையில் இருக்கிற கல் தானாக எப்படி பூமிக்கு வரும்? யார் தள்ளுவார்கள்?


சத்துவாச்சாரி மொட்டைமாடி
ஞாயிறு, இரவு 8.50

தம்பி, இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். தள்ளுவது வெயில்.

வேலூர் வெயிலை அறிந்தவனுக்கு இது புரிய ஐந்து நிமிடம் போதும். சித்திரை மாதம் மொட்டைமாடியில் எப்போது கால் வைக்க முடியாது? உச்சிவேளை 12 மணியைவிட 2 மணி, 3 மணிக்குத்தான். சூரியன் மறைந்த பிறகும் தளம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். வாங்கும் நேரம் ஒன்று, திருப்பித் தரும் நேரம் வேறு.

சுழலும் சிறுகோளிலும் இதுவே நடக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை அதன் பிற்பகல் பக்கம் கூடுதலாக வெளியிடுகிறது. வெளியேறும் வெப்பக் கதிர் மிக மெல்லிய உதைப்பைத் தரும். கோள் சூரியனைச் சுற்றும் திசையிலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் அந்த உதைப்பு அதை முன்னே தள்ளி, பாதையை வெளியே விரிக்கும். எதிர்த் திசையில் சுழன்றால் பாதை உள்ளே சுருங்கும். 1900ஐ ஒட்டி இவான் யார்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் எண்ணிப்பார்த்த கருத்து இது. அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு கி.மீ. அகலமுள்ள கல் இப்படி ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் நகரும். அவ்வளவுதானா என்று கேட்காதே. 10 லட்சம் ஆண்டுகளில் அது சில பத்தாயிரம் கி.மீ. ஆகிவிடும். சிறிய கல் வேகமாக நகரும், பெரியது மெதுவாக. அதனால் பழைய குடும்பங்களில் பெரியவை நடுவிலும் சிறியவை இருபுறமும் விலகியும் கிடக்கும். வரைபடத்தில் போட்டால் ஒரு கூம்புபோலத் தெரியும். கூம்பு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் கொண்டு குடும்பத்தின் வயதைக் கணிக்கிறார்கள்.

இப்படி ஊர்ந்து போகும் கல் ஒருநாள் ஆபத்தான இடத்துக்கு வந்து சேரும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல இரண்டரை மடங்கில் அப்படி ஓர் இடம் உண்டு. அங்கே உள்ள கல் மூன்று சுற்று முடிக்கும்போது வியாழன் சரியாக ஒரு சுற்று முடிக்கும். ஊஞ்சலைத் தவறாமல் ஒரே தருணத்தில் தள்ளினால் என்ன ஆகும்? பாதை நீண்டு நீண்டு, கடைசியில் பூமியின் பாதையையே குறுக்கே வெட்டும். அந்த இடைவெளியில் கற்கள் அரிது என்பதை டேனியல் கிர்க்வுட் 1860களிலேயே கவனித்துவிட்டார்.

இனி பாப்டிஸ்டினா. 2007இல் வந்த ஓர் ஆய்வு, அந்தக் குடும்பம் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்தது, அதன் துண்டு ஒன்றே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் விழுந்தது என்றது. காணொளி அதைச் சொல்லியிருக்கும். ஆனால் 2011இல் வைஸ் விண்தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு பார்த்தபோது குடும்பத்தின் வயது ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளே என்று தெரிந்தது. உடைந்து, வெயிலால் ஊர்ந்து, ஆபத்தான இடத்தை அடைந்து, பூமிக்கு வர மிஞ்சும் காலம் போதாது. மோதிய கல் கரிமம் நிறைந்த வகை என்பது பாறைப் படிவுகளிலிருந்து தெரிகிறது. அது வியாழனுக்கு அப்பால் உருவான பொருள் என்று 2024இல் ருத்தேனியம் என்ற தனிமத்தின் அளவீடுகள் காட்டின. பாப்டிஸ்டினாமீது போட்ட பழி நிற்கவில்லை, தம்பி. தேர்வில் யாராவது கேட்டால் துணிந்து எழுது.


நாட்றம்பள்ளி அருகில்
ஞாயிறு, இரவு 9.35

கல் பூமிக்கு வருவதைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். 2016 பிப்ரவரியில் எங்கள் பகுதியில், அப்போது வேலூர் மாவட்டம், ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டு, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்தது என்று முதலமைச்சரே அறிவித்தார். உலகப் பத்திரிகைகளெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரை எழுதின. பிறகு இல்லை என்றார்கள். இன்றும் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. அது இப்படி ஏதாவது குடும்பத்திலிருந்து வந்த கல்லாக இருக்குமா?


சத்துவாச்சாரி மொட்டைமாடி
ஞாயிறு, இரவு 10.05

ஓர் உயிர் போன விஷயம். பொறுப்போடு சொல்கிறேன். வெளியான படங்கள் தரையில் நடந்த வெடிப்போடுதான் பொருந்துகின்றன என்று நாசா அறிவியலாளர்கள் அப்போதே கூறினார்கள். அதை நான் ஏற்கிறேன். கைக்கு அடங்கும் விண்கல் காற்றில் வேகத்தையெல்லாம் இழந்து, மாடியிலிருந்து போட்ட கல்லைப்போலக் கடைசியில் சாதாரணமாக விழும். தரையைத் தொட்டதும் வெடிக்காது. வெடித்துப் பள்ளம் பறிக்கும் அளவுக்குப் பெரிய கல் என்றால், பட்டப்பகலில் வானத்தில் அதன் நெருப்புக் கோட்டைப் பல மாவட்டங்கள் பார்த்திருக்கும்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு எந்தக் கல்லால் நேர்ந்தாலும் இழப்புதான்.


ஜவ்வாது இரவுகள்
ஞாயிறு, இரவு 10.40

பூமியில் விழும் விண்கற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு 2024இல் நல்ல விடை கிடைத்தது. விழுந்து கிடைத்தவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு மூன்றே மூன்று இளைய மோதல்களிலிருந்து வருகின்றன: கரின், கொரோனிஸ் பகுதியிலேயே நடந்த இன்னொரு உடைப்பு, மசாலியா என்ற சிறுகோளில் நடந்த உடைப்பு. முறையே 58 லட்சம், 76 லட்சம், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தவை. இளைய குடும்பத்தில் சிறு துண்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய குடும்பங்களில் அவை ஊர்ந்து போயோ, இடித்து அரைபட்டோ தீர்ந்துவிட்டன.

கருங்கல் ஐயா இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஸ்வீடனில் சின்னக்குல்லே என்ற குன்றருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. தரையில் பதிக்கும் பாளங்கள் வெட்டும் இடம். அங்கே பாளத்தில் கறுப்பாக ஒரு கறை வந்தால் அழகு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்களாம். அந்தக் கறைகள் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் விழுந்து புதைந்த விண்கற்கள்! இப்போது குவாரித் தொழிலாளர்களே கண்டெடுத்து ஆய்வாளர்களிடம் தருகிறார்கள். நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. அந்தக் காலத்தில் பட்டையில் மிகப் பெரிய கோள் ஒன்று உடைந்து, துண்டுகள் பூமியில் மழைபோல விழுந்திருக்கின்றன. மசாலியாவின் முதல் உடைப்பு அது என்று இப்போது கருதுகிறார்கள்.


கருங்கல்
திங்கள், காலை 5.30

படித்தேன். எத்தனை கறைக்கல்லை நானும் ஒதுக்கித் தள்ளியிருப்பேன் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்முடையது கடலடிக் கல் அல்ல, உருகி உறைந்த கல், அதில் இப்படி வராது என்று காலையில் பேரன் சொன்னான். சரிதான். ஆனாலும் அந்தத் தொழிலாளர்களை நேரில் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் போல் இருக்கிறது.


ஆரணி வாசகன்
திங்கள், காலை 6.45

கரின் கூட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிய கணக்கு என் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சர், வகுப்புக்கு ஒரு உவமை தரட்டுமா? இந்த இழையில் எழுதிய நாம் எல்லோரும் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அது உடைந்து நான் திருவண்ணாமலைப் பக்கம் போனேன். 2019இல் மறுபடி உடைந்து வாணியம்பாடித் தம்பியும் நாட்றம்பள்ளிக்காரரும் திருப்பத்தூர் மாவட்டம் ஆனார்கள். காவலூரும் அப்படியே. நீங்கள் குடியாத்தத்தில், வேலூரிலேயே இருக்கிறீர்கள். கொரோனிஸ் உடைந்து, அதற்குள் கரின் மறுபடி உடைந்தது போலத்தான். நாம் பேசுகிற விதத்தை வைத்து வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே வட்டாரம் என்று கண்டுபிடித்துவிடுவார்.


குடியாத்தம் கணக்கு டீச்சர்
வியாழன், இரவு 8.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வேன்? திங்கட்கிழமை இரண்டு பாடவேளைகள் இதற்கே போயின. ஆரணி ஐயாவின் உவமையைச் சொன்னதும் பாதி வகுப்பு தங்கள் தாத்தா பாட்டியின் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டது.

சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த போக்சன் 1866இல் கண்டுபிடித்த சில்வியாவுக்கும் ஒரு குடும்பம் உண்டு, அதை இரண்டு சிறு நிலாக்கள் வேறு சுற்றிவருகின்றன என்று படித்தேன். அதையும் சொன்னேன். நம் ஊர் வானத்திலிருந்து கண்டது என்றதும் பிள்ளைகளுக்கு அது சொந்தமாகிவிட்டது.

பிறகு வரைபடத்தாளில் வேலை. கிடைமட்டத்தில் சூரியனிலிருந்து தொலைவு, செங்குத்தில் பாதையின் சாய்வு. ஜவ்வாது ஐயா அனுப்பிய பட்டியலிலிருந்து ஆளுக்கு 15 எண்கள். பூமியின் தொலைவை 1 என்று வைத்தால் 2.9 பக்கத்தில் 2 பாகைச் சாய்வோடு ஒரு கூட்டம், 3ஐ ஒட்டி 10 பாகையில் ஒன்று, 3.1க்கு மேல் 1 பாகையைச் சற்றுத் தாண்டி ஒன்று. கொரோனிஸ், இயோஸ், தெமிஸ்! ஹிரயாமா பார்த்ததை எங்கள் பிள்ளைகள் பென்சிலால் பார்த்துவிட்டார்கள். தாள்களை ஒட்டி ஒன்றாக்கிச் சுவரில் மாட்டியபோது எனக்குக் கண் கலங்கியது.

ஒரே ஒரு சிக்கல். ஆலங்காயத்தில் கேள்வி கேட்ட அதே மாணவி, கொரோனிஸ் கூட்டத்தின் நடுவே விழுந்த ஒரு புள்ளியைக் காட்டி, “இதன் நிறமாலை மட்டும் இருண்ட வகை என்று போட்டிருக்கிறது, டீச்சர். இதுவும் குடும்பமா?” என்கிறாள்.


ஜவ்வாது இரவுகள்
வியாழன், இரவு 9.00

அது குடும்பம் இல்லை, டீச்சர். வழியோடு போகிறவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. தற்செயலாக அதே எண்களோடு அங்கே சுற்றும் அயல் கல். ஆரணி ஐயாவின் முதல் சந்தேகம் அங்கே உண்மையாகிறது. பெரிய ஆய்வாளர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு முதலில் சீரஸின் பெயரை வைத்தார்கள். சீரஸ் அயலார் என்று தெரிந்தது. மினர்வாவின் பெயரை வைத்தார்கள். அதுவும் அயலார். கடைசியில் கெஃபியான் என்று பெயர் நிலைத்தது.

அவள் பாதையோடு நிறத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்காமலே.


குடியாத்தம் கணக்கு டீச்சர்
வெள்ளி, காலை 9.10

காட்டினேன். அந்தப் புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் “விருந்தாளி” என்று எழுதிவிட்டாள். இப்போது மற்றவர்களின் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐயா, பட்டியலின் அடுத்த பக்கங்களையும் அனுப்ப முடியுமா?